மக்காச்சோளக் கதிரிலிருந்து ஒரு மான்: பீல் ஓவியம் பழக ஆசைப்படுபவர்களுக்கு

பீல் ஓவியத்தை எட்ட நின்று பார்த்தால் அது ஒரு மான், ஒரு மயில், வயிற்றில் கன்றைச் சுமக்கிற ஒரு பசு, அவ்வளவுதான். கிட்டப் போங்கள். மூக்கு படத்தில் இடித்துவிடும் என்கிற அளவுக்குக் கிட்டப் போனால் மானின் கழுத்து காணாமல் போய்விடும். அந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக, வரிசை பிடித்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி நிற்கிற புள்ளிகள் மட்டும்தான் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து, குச்சியை வண்ணத்தில் தொட்டு, எடுத்து, வைத்து, மறுபடி தொட்டு, இப்படியே ஒவ்வொன்றாக வைத்த புள்ளிகள் அவை. எது அவசரத்தில் வைத்தது, எது நிதானமாக வைத்தது என்று கொஞ்ச நாளில் உங்களுக்கே பிடிபட ஆரம்பித்துவிடும்.

இந்த ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'வரைந்தால் மனசுக்கு நல்லது' என்று யாரோ சொல்லிக் கேட்டு வந்திருப்பீர்கள். நல்லதுதான். ஆனால் அந்த நல்லது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, முதலில் இந்தப் படங்கள் எந்த வீட்டுச் சுவரிலிருந்து இறங்கி வந்தன என்று பார்த்துவிட வேண்டும்.

சுவரும் நேர்த்திக்கடனும்

பீல் மக்கள் இந்தியாவின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகங்களில் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர். மத்தியப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில் ஜாபுவா, அலிராஜ்பூர், தார், பட்வானி, குஜராத்தில் தாஹோத் பக்கம், ராஜஸ்தானின் தெற்கே பான்ஸ்வாடா, டுங்கர்பூர், மகாராஷ்டிரத்தில் நந்துர்பார். நான்கு மாநிலங்கள் என்று வரைபடத்தில் இருக்கிறதே தவிர, ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மேடும் பள்ளமுமான நிலம், மழையை நம்பி விதைத்த மக்காச்சோளம், இலுப்பை மரங்கள், ஆடு, மாடு, கோழி. 'பீல்' என்ற பெயரே 'வில்' என்ற திராவிடச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள், வில்லும் அம்பும் அவர்களோடு அந்த அளவுக்குச் சேர்ந்தே இருந்தவை.

வீடு மண்ணும் மூங்கிலுமாக இருக்கும். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் பெண்கள் சுவரைச் சாணியும் மண்ணும் குழைத்து மெழுகி, அதன்மேல் வரைவார்கள். வண்ணங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலிருந்து வந்தவை: காவிக்கல்லில் சிவப்பு, சுண்ணக்கட்டி மாதிரியான வெள்ளை மண், மஞ்சள்தூள், அவரை இலையைக் கசக்கிப் பிழிந்தால் பச்சை, ரொட்டி சுடுகிற தோசைக்கல்லின் அடிக்கரியில் கறுப்பு. தூரிகைக்குப் பதில் வேப்பங்குச்சி, மூங்கில் குச்சி, குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு.

இதே நிலப்பரப்பில் இன்னொரு சுவரோவியமும் உண்டு, பிதோரா. ரட்வா, பிலாலா, பீல் மக்களிடம் இருக்கும் வழக்கம் இது, இதை அழகுக்காக யாரும் வரைவதில்லை. வீட்டில் யாருக்காவது தீராத நோய், மாடு செத்துக்கொண்டே இருக்கிறது, மழை பொய்த்துவிட்டது, பிள்ளையில்லை என்று ஏதாவது ஒரு துன்பம் வரும்போது வீட்டுக்காரர் பட்வா என்கிற பூசாரியிடம் போவார். பிதோரா தேவரை உன் வீட்டுச் சுவருக்கு வரவழை என்று பட்வா சொன்னால் வேண்டிக்கொள்வார்கள். துன்பம் தீர்ந்ததும் நேர்த்திக்கடன். நம் ஊர்க் கோயிலுக்கு மண்குதிரை செய்து வைப்பதாக வேண்டிக்கொள்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, இங்கும் குதிரைகள்தான், ஆனால் சுவரில். கல்யாணமாகாத பெண்கள் சுவரை மெழுகி வெள்ளை பூசுவார்கள். வண்ணத்தைப் பாலிலும் இலுப்பைச் சாராயத்திலும் கரைப்பார்கள். பரம்பரையாக வரையும் ஆண்கள், லக்கிந்தரா என்று பெயர், சுவர் முழுக்கக் குதிரைகளை எழுதுவார்கள். பிதோராவின் கல்யாண ஊர்வலம் அது. கூடவே சூரியன், சந்திரன், கிணறு, ஏர் உழுகிறவர், மோர் கடைகிற பெண், கள் இறக்குகிற மரம், இப்போதெல்லாம் ரயிலும் விமானமும்கூட. விடிய விடியப் பாட்டும் மேளமும் நடக்கும், பட்வாவுக்கு அருள் வரும், எல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார், அப்புறம் ஊருக்கே விருந்து.

அவர்களிடம் 'நலம்' என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். என் மன அழுத்தம், என் தூக்கம் என்று ஒரு ஆளோடு அது முடிவதில்லை. மாடு, மழை, விதை, செத்துப்போன முன்னோர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்துதான் நலம். சுவரில் வரைவது அவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பின்னால் நாம் காகிதத்தில் வரையும்போது எதை வரைவது என்ற குழப்பமே வராது.

6 ரூபாய்க் கூலியிலிருந்து

சுவரில் இருந்தது காகிதத்துக்கு வந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா, திறப்பு 1982 பிப்ரவரியில். அங்கே கல்லும் மண்ணும் சுமந்த பெண்களில் ஒருவர் பூரி பாய், ஜாபுவா மாவட்டம் பிட்டோல் கிராமத்துக்காரர். நாள் கூலி 6 ரூபாய் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த மையத்தின் ஓவியக் காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜெகதீஷ் சுவாமிநாதன், 1928இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர். உங்கள் ஊரில் பண்டிகைக்கு எப்படி வரைவீர்கள், அதைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள் என்று அவர் அந்தக் கூலிப் பெண்களிடம் கேட்டார். நான் வரைந்துகொண்டிருந்தால் என் வேலையை யார் செய்வது, கூலி யார் தருவது என்பதுதான் பூரி பாய்க்கு முதலில் வந்த கேள்வி. வரைவதற்கே நாளுக்கு 10 ரூபாய் தருகிறேன் என்றார் சுவாமிநாதன்.

ஊரில் வண்ணம் என்றால் கல்லை இழைக்க வேண்டும், இலையைப் பிழிய வேண்டும், அதற்கே பாதி நாள் போய்விடும். இங்கே புட்டியைத் திறந்தால் வண்ணம், தொட்டு இழுத்தால் கோடு. அந்த வியப்பை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பிதோராக் குதிரையைப் பெண்கள் எழுதக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால் அவர் தனக்குத் தெரிந்த மற்றதையெல்லாம் வரைந்தார்: வீடு, மரம், மான், மயில், தானியக் குதிர், உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் புள்ளிக் கோலங்கள், ஹோலிக்கு முன்னால் கூடும் பகோரியா சந்தை. பின்னாளில் பேருந்தும் விமானமும் வந்தன, அவர் அவற்றில் ஏறிய பிறகு. 2021இல் பத்மஸ்ரீ விருது. அவரைப் போலவே கூலி வேலைக்கு வந்து ஓவியரான இன்னொருவர் லாடோ பாய். ஆண்களில் பிதோரா எழுதுவதில் பெரிய பெயர் பேமா ஃபத்யா, 2020இல் காலமானார்.

பூரி பாய் எந்தக் கலைக்கல்லூரியிலும் படித்தவர் இல்லை, மாதிரிக்கு ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டும் வரையவில்லை. நினைவில் இருந்ததை எடுத்து வைத்தார். ஊரை விட்டு வந்து, மொழி தெரியாத நகரத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் தன் ஊரின் மரத்தையும் மயிலையும் புள்ளி புள்ளியாகத் திரும்பக் கட்டியெடுத்தார் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்தப் புள்ளிதான் எல்லாம்

புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் மக்காச்சோளத்தைக் காட்டுவார்கள். அதுதான் சாப்பாடு, அதுதான் விதை, அதுதான் வருமானம். கதிரில் மணிகள் அடுக்கியிருக்கிற மாதிரியே புள்ளிகளும் அடுக்கி நிற்கின்றன. பச்சை குத்துவதும் புள்ளிகளால்தான், அந்தப் பழக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது. புள்ளி வரிசைகள் முன்னோரையும் தெய்வங்களையும் குறிக்கும் என்றும் சொல்வார்கள். செத்தவர்களுக்கு 'கத்லா' என்ற நடுகல் வைக்கும் வழக்கம் உள்ள மக்கள் அவர்கள், அந்தக் கல்லும் ஓவியங்களில் அடிக்கடி வரும். நடுகல் என்றதும் நமக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஒவ்வொரு ஓவியருக்கும் புள்ளி வைக்கும் முறை வேறு. ஒருவர் அரிசி மாதிரி நீட்டி வைப்பார், ஒருவர் கடுகு மாதிரி நெருக்கி வைப்பார், ஒருவர் இரண்டு வண்ணத்தை மாற்றி மாற்றி வைத்துப் பாய் முடைந்த மாதிரி ஆக்கிவிடுவார். கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற மாதிரி புள்ளியைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம்.

இங்கே பொதுவாக வரும் இரண்டு மூன்று குழப்பங்களையும் முடித்துவிடுகிறேன். கோண்டு என்ற இன்னொரு பழங்குடியினரின் ஓவியமும் போபால் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது, அதையும் சுவாமிநாதன்தான் முன்னால் கொண்டுவந்தார், அதனால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். கோண்டு ஓவியத்தில் பெரும்பாலும் மெல்லிய கோடு, சிறு கீற்று, செதில் மாதிரியான நிரப்பல்கள். பீல் ஓவியத்தில் புள்ளிதான் ராஜா. வார்லி என்ற பழங்குடியினரின் ஓவியம் முற்றிலும் வேறு, செம்மண் நிறத்தின் மேல் வெள்ளையில் முக்கோண மனிதர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் புள்ளி ஓவியம் இன்னொரு கண்டத்தில் இன்னொரு கதை. அப்புறம் நம் கோலம். நாம் புள்ளியை முதலில் வைத்து, பிறகு கோட்டை அதைச் சுற்றி ஓட்டுகிறோம், புள்ளிதான் கோட்டுக்கு வழி சொல்கிறது. பீல் ஓவியத்தில் கோடு முதலில் வருகிறது, உருவம் வருகிறது, வண்ணம் நிரம்புகிறது, கடைசியில்தான் புள்ளி வந்து அந்த உருவத்துக்கு உயிர் தருகிறது. கோலம் போட்டுப் பழகிய கைக்குப் புள்ளி சமமாக வரும், அது பெரிய வசதி. ஆனால் கட்டம் கட்டி வைக்கும் பழக்கமும் கூடவே வரும், அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

உட்கார்ந்து பழகுவது

கடைக்குப் போவதற்கு முன்னால் காய்கறிச் சந்தைக்குப் போங்கள். ஒரு மக்காச்சோளக் கதிர் வாங்கி, மடலை உரித்து, முன்னால் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, இந்த ஓவியத்தின் முதல் பாடமே அந்தக் கதிர்தான் என்று நான் நம்புகிறேன். அடியில் மணிகள் பெரிதாக, நுனிக்குப் போகப் போகச் சிறிதாக இருக்கும். ஒரு வரிசை மணி நேராக ஏறிக்கொண்டே வந்து, கதிர் வளைகிற இடத்தில் தானும் வளையும். எங்காவது ஒரு மணி காய்க்காமல் போயிருந்தால் பக்கத்து மணிகள் நகர்ந்து அந்த இடத்தை வாங்கிக்கொண்டிருக்கும். வரிசைகளை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் இரட்டைப்படையாகவே இருக்கும். நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் ஸ்கேல் வைத்து அடித்த நேர்த்தி இல்லை. உங்கள் மானின் கழுத்தில் வரவேண்டிய ஒழுங்கு இதுதான்.

சாமான்கள் குறைவு. கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் கெட்டியான சார்ட் காகிதம் ஒன்று, வெள்ளைக் காகிதம் என்றாலும் சரி. போஸ்டர் கலர் அல்லது அக்ரிலிக்கில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம். உருவத்தை நிரப்ப நடுத்தரமான ஒரு தூரிகை. புள்ளிக்குத் தீக்குச்சியின் மருந்தில்லாத முனை, ஊதுபத்தி எரிந்து முடிந்த குச்சி, துடைப்பத்து ஈர்க்குச்சி, தூரிகையின் பின்கட்டை, இவற்றில் எது கைக்கு வாகாக இருக்கிறதோ அது. இன்றைய பீல் ஓவியர்களும் கடையில் விற்கும் வண்ணம்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் இயற்கை வண்ணம் இருந்தால்தான் ஆரம்பிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம். காவியும் மஞ்சளும் கரியும் குழைத்துப் பார்க்க ஆசை வந்தால் பின்னால் ஒரு நாள் செய்யுங்கள், அது தனி சந்தோஷம்.

முதல் நாள் படம் எதுவும் வரையாதீர்கள், புள்ளி மட்டும் வையுங்கள். வண்ணத்தின் பதம்தான் முக்கியம். தோசை மாவு பதத்தில் இருக்க வேண்டும். நீர்த்துப் போயிருந்தால் புள்ளி காகிதத்தில் பரவி, ஓரத்தில் வளையம் கட்டி, நடுவில் வெளுத்துவிடும். கெட்டியாக இருந்தால் குச்சியைத் தூக்கும்போது கூடவே ஒரு வால் எழும்பி வந்து, காய்ந்ததும் முள் மாதிரி நிற்கும். பதம் சரியாக இருந்தால் குச்சியை நேராக இறக்கி நேராக எடுத்ததும் புள்ளி ஒரு நொடி பளபளவென்று குண்டாக நின்று, பிறகு மெல்லத் தட்டையாகி அமரும். அந்த ஒரு நொடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி பாடம் முடிந்தது. இன்னொன்றும் கவனிப்பீர்கள். ஒரு முறை தொட்டால் ஐந்தாறு புள்ளி வைக்கலாம், முதலாவது பெரிதாகவும் கடைசி ரொம்பச் சிறிதாகவும் வரும். இதைக் குறையாக நினைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள். தடித்த இடத்தில் ஆரம்பித்து மெலிந்த இடத்தில் முடியுங்கள், மானின் தொடையில் ஆரம்பித்துக் குளம்பில் முடிவது மாதிரி. கதிரில் பார்த்த அதே கணக்கு.

இரண்டாவது நாள் ஒரு உருவம். பென்சிலில் வெளிக்கோடு போடுங்கள். பீல் ஓவியத்து விலங்குகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கும், உடல் பெரிது, கால் குச்சி குச்சியாக, கண் ஒரு பெரிய வட்டம். நிழல், ஆழம், தூரம் எதையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எது முக்கியமோ அது பெரிது, அவ்வளவுதான் இலக்கணம். எனக்கு வரையவே வராது என்று பள்ளிக்கூடத்தில் முடிவு கட்டிவிட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எழுபது வயது தாண்டிய என் பெரியம்மா 'எனக்கு மாடுதான் தெரியும்' என்று சொல்லிவிட்டு ஒரு மாடு போட்டார். கொம்பு உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. ஏன் பெரியம்மா என்றால், 'அது முட்டும், அதான்' என்றார். அந்த மாட்டின் பெயர்கூட அவருக்கு நினைவிருந்தது.

வெளிக்கோட்டுக்குள் ஒரே வண்ணத்தைத் தட்டையாகப் பூசி, முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தில் புள்ளி வைத்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடும், பொறுமை இல்லாத எல்லாருக்கும் இங்கேதான் படம் கெடும். காய்ந்ததும் வெளிக்கோட்டை ஒட்டி முதல் வரிசை. இரண்டாவது வரிசையை அதன் உள்பக்கமாக, முதல் வரிசையின் இடைவெளிகளில் வந்து உட்கார்கிற மாதிரி. இப்படியே உள்ளே போய்க்கொண்டே இருந்தால் வரிசைகள் தாமாகவே உடம்பின் வளைவைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றில் சுழியும், கழுத்தில் நீளும். நடுவில் இடம் கோணலாக மிஞ்சினால் அங்கே காய்க்காத மணியை நினைத்துக்கொண்டு பக்கத்துப் புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். நான்கைந்து வரிசைக்கு ஒரு முறை வண்ணத்தை மாற்றலாம். அடர்ந்த நிறத்தின் மேல் வெளிர்நிறப் புள்ளி நன்றாக எழும். ஒரு உள்ளங்கை அளவு மான் முடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

எதை வரைவது? இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் போன ஒரு பயிற்சி வகுப்பில், இரண்டு மணி நேரத்தில் எல்லாரும் ஒரு படத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக, அச்சடித்த மயில் ஒன்றை எல்லார் கையிலும் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொன்னார்கள். பீல் மக்கள் யார், எங்கே இருக்கிறார்கள், புள்ளி எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது பேரும் ஒரே மயிலோடு திரும்பினோம், அந்த மயிலுக்கும் எங்களில் யாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பீல் ஓவியர் யாரும் அப்படி வரைவதில்லை. அவர்கள் தங்களோடு வாழ்கிறதை வரைகிறார்கள். நீங்களும் உங்கள் தெருவின் புங்கமரம், மாடித் தொட்டியில் வந்து உட்காரும் குயில், பாட்டி வீட்டுக் கிணறு, தினமும் ஏறுகிற பேருந்து என்று வரையுங்கள். பழக்கத்துக்காக ஒரு பீல் ஓவியரின் படத்தைப் பார்த்து இரண்டு மூன்று முறை போட்டுப் பார்ப்பதில் தவறில்லை, எல்லாரும் அப்படித்தான் கற்கிறோம். ஆனால் அதை உங்கள் படமாக விற்காதீர்கள். அதோடு பிதோராக் குதிரையைச் சும்மா அலங்காரத்துக்கு எழுத வேண்டாம் என்பது என் கருத்து. அது ஒரு வீட்டின் நேர்த்திக்கடன், வேண்டுதலோடு வரவேண்டியது.

மனசுக்கு என்ன செய்கிறது

2016இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், பேனா, காகித ஒட்டல் என்று விருப்பப்படி ஏதாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு கூடுகிற சுரப்பு அது. முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்திருந்தது, ஏற்கெனவே கலைப் பழக்கம் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. சின்ன ஆய்வுதான், பீல் ஓவியத்தை வைத்துச் செய்ததும் இல்லை, ஆனால் 'எனக்கு வராது' என்பவர்களுக்கும் பலன் உண்டு என்ற அளவில் அது தைரியம் தருகிறது.

என் அனுபவத்தில், முதல் பத்து நிமிடம் மனசு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆபீஸ், கடன், நேற்று யாரோ சொன்ன சொல். மூன்றாவது நான்காவது வரிசையில் மூச்சு கையோடு சேர்ந்துகொள்ளும், தொடும்போது உள்ளே, வைக்கும்போது வெளியே. அப்புறம் யோசனைகள் நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன், அவை வரும், ஆனால் அடுத்த புள்ளி எங்கே என்ற சின்ன வேலை அவற்றைவிடப் பக்கத்தில் இருக்கும். தப்பு செய்யப் பயமும் இதில் குறைவு. ஒரு புள்ளி கோணினால் படம் போய்விடாது, பக்கத்தில் இன்னும் நூறு புள்ளி அதைத் தாங்கிக்கொள்ளும். படித்த நாளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வாங்கியே பழகிய நமக்கு, அப்படித் தாங்கிக்கொள்கிற ஒரு வேலை கிடைப்பது லேசான விஷயமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்கிற நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். புள்ளி வைப்பது அதோடு கூட இருக்கலாம், அதற்குப் பதிலாக இருக்கக்கூடாது. உடம்பையும் கவனியுங்கள்: குனிந்து உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தூரத்தில் எதையாவது பாருங்கள், ராத்திரியில் மங்கல் வெளிச்சத்தில் வேண்டாம்.

குழந்தைகளோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் பெரிய சார்ட்டைத் தரையில் விரித்து ஆளுக்கொரு மூலை கொடுங்கள். ஊரில் சுவர் எப்போதும் பல கை பட்டதுதான். அவர்கள் புள்ளியைத் திருத்தாதீர்கள்.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் போபாலுக்குப் போங்கள். சியாமளா குன்றில் 2013இல் திறந்த மத்தியப் பிரதேசப் பழங்குடி அருங்காட்சியகம் இருக்கிறது, அதே பக்கம் மானுட அருங்காட்சியகமும், பாரத் பவனும். ஒரே நாளில் மூன்றையும் முடிக்க நினைக்காதீர்கள். படம் வாங்குவதாக இருந்தால் ஓவியரின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் அவரிடமே வாங்குங்கள். 'பழங்குடி ஓவியம்' என்று மட்டும் போட்டு, வரைந்தவர் பெயரில்லாமல் விற்கும் டீசட்டையும் மொபைல் கவரும் நிறைய. அவற்றில் வரைந்த கைக்கு என்ன போய்ச் சேருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் படம் முடிந்ததும் அதில் ஒரு வரிசைப் புள்ளியை உங்கள் வீட்டில் இறந்துபோன ஒருவருக்காக வைத்துப் பாருங்கள், தாத்தாவோ அத்தையோ, யாரை நினைக்கத் தோன்றுகிறதோ அவருக்கு. வேறு நிறமாக இருக்கட்டும், வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம். நான் என் அப்பாவுக்கு ஒரு வேப்பமரத்தின் அடித்தூரில் வெள்ளையில் ஒரு வரிசை வைத்தேன், பதினேழு புள்ளி வந்தது. படத்தின் பின்பக்கம் தேதியும், பீல் ஓவியர்களைப் பார்த்துக் கற்றது என்ற ஒரு வரியும் எழுதி, அவர் வழக்கமாக உட்கார்ந்த நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.